மூன்று முறை எண்ணிய அங்கி

வில்நாண் தன் வேலையை முடித்த மறுநாள் விடியலில்
மைக்கூடு கிளம்பும்.
அதோடு நானும்:
ஸித்கி, சுல்தானின் கருவூலத்தில் நான்காம் எழுத்தன்,
நாளொன்றுக்குப் பன்னிரண்டு அக்சே,
செத்தவர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு.

முஷ்தாக் பாஷாவின் மாளிகையில்
அழுகை மேல்மாடியோடு நின்றிருந்தது.
கீழே எல்லாம் பொருள்.
கடிகாரம் ஏழு. ஓடியவை இரண்டு,
இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லின.
சீமைமாதுளைப் பாகு ஒரு ஜாடி, பாதி தின்றது,
கரண்டி உள்ளேயே நின்றது.
வெள்ளிக் கரண்டி என்பதால் எழுதிக்கொண்டேன்.
அவர் எழுந்துபோன அவசரத்தை
எந்தப் பத்தியில் எழுதுவது?

பிறகு அந்த அங்கி.
கறுப்புச் சமூர்த் தோல், பட்டு உள்துணி,
இடது கைமடிப்பில் பயறளவு தீக்காயம்.
எனக்கு அதைத் தெரியும்.
நாலு வருஷத்துக்கு முன்னால் ராஸிஹ் பாஷா செத்தபோது
இதே ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்திருக்கிறேன்.
எவர் புகைக்குழாயிலிருந்து விழுந்த கங்கோ,
அவருக்கும் முன்னால் வேறு எவரோ.
கருவூலத்தில் கற்பூரத்தோடு தூங்கும்,
ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வரும்,
சுல்தான் கையால் அடுத்தவர் மேல் ஏறும்.
நீடூழி வாழ்க என்று அவை முழங்கும்.
தோள் மாறும்.
தோல் மாறாது.

எழுத்துப் பலகையின் அடியில் ஒரு மூட்டை மனுக்கள்.
அவிழ்க்காமல் எடை போட்டால் போதும் என்றார் மேலாள்.
கயிறு தானாக அவிழ்ந்துகொண்டது.
சரி, நான்தான் அவிழ்த்தேன்.

பதினோராவது தாளில் என் கையெழுத்து.

'டான்யூப் கரையில், விதின் கோட்டையில்
காவல் நிற்கும் என் தம்பி பெஹ்லுலின் முறை
முடிந்து ஆறு குளிர்காலம் ஆகிறது.
கருணை கூர்ந்து அனுப்பிவைக்க வேண்டும்.'

ஓரத்தில், சிவப்பு மையில், பாஷாவே எழுதியிருந்தார்:
யார் இவன்?

அவ்வளவுதான்.
கேட்டது தம்பியைப் பற்றியா, என்னைப் பற்றியா
என்று தெரிந்துகொள்ள இப்போது ஆள் இல்லை.
ஆனால் படித்திருக்கிறார்.
என் பொருட்டு ஒருமுறை பேனாவைத் தோய்த்திருக்கிறார்.
ஜாடிக்குள் கரண்டி போல
கேள்வி பாதியில் நின்றுவிட்டது.

தாளை நாலாய் மடித்து
அங்கியின் உள்பையில் வைத்தேன்.
அங்கி ஒன்று, ஆயிரத்து எண்ணூறு குருஷ்.
பையில் இருப்பது: எழுதவில்லை.
இருபது வருஷத்தில் அறிந்து செய்த ஒரே பிழை.

புதுப் பாஷா அதை அணிந்து ஊர்வலம் போன அன்று
தெருவோரக் கூட்டத்தில் நின்றேன்,
முன்னால் ஒரு தயிர்க்காரனின் முக்காலி இடித்துக்கொண்டிருந்தது.
குதிரை குலுங்கும்போதெல்லாம்
பெஹ்லுல் அவர் விலாவில் உரசியிருப்பான்.
அவர் ஒருமுறை சொறிந்துகொண்டார்.
நான் பார்த்தேன்.

தம்பி தானாகவே வந்து சேர்ந்தான்.
எவரும் அனுப்பவில்லை.
ஒரு காலை விதினிலேயே விட்டுவிட்டு வந்ததால்
கோட்டைக்கு அவன் தேவைப்படவில்லை.
உஸ்குதார் படகுத்துறையில் எள் வளையம் விற்கிறான்.
பேரம் பேசுபவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான்,
சிரித்தபடியே விலையைக் கூட்டுகிறான்.

இன்று இருட்டோடு கதவைத் தட்டி
மைக்கூட்டை எடுக்கச் சொன்னார்கள்.

அங்கி நாற்காலி மேல் கிடந்தது,
அக்குளில் இன்னும் ஈரம்.
உள்பைக்குள் கை விட்டேன்.
தாள் இருந்தது,
பிரிக்காமல், விலா எலும்பின் வளைவோடு.
என் கறுப்பு மை முழுக்க வேர்வையில் கரைந்திருந்தது,
தம்பி, கோட்டை, கருணை எல்லாம்.
சிவப்பு மட்டும் மிச்சம்.

இந்த முறை எழுதினேன்:
தாள், ஒன்று. விலை இல்லை.

'யாருடையது?' என்றார் மேலாள், தலை நிமிராமல்.
'பாஷாவுடையது' என்றேன்.
எந்தப் பாஷா என்று
அவர் கேட்கவில்லை.